‘ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிந்தேன்’: அதற்கு அடுத்த வரியில் என்ன எழுதுவது?

எங்கள் மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ நடக்கும் நாள்களில் எச்.ஆர். ஆளுக்குப் பக்கத்தில் என்னையும் உட்காரவைப்பார்கள். முன்னால் ஒரு கட்டு ரெஸ்யூமே இருக்கும். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. ‘நோயாளிகளைக் கவனித்தேன், வைட்டல்ஸ் பார்த்தேன், மருந்து கொடுத்தேன், டாக்டருக்கு உதவினேன்.’ ஐந்து வருஷம் ஐசியூவில் இருந்தவரும் இதையேதான் எழுதியிருப்பார், போன மாதம் படிப்பு முடித்தவரும் இதையேதான் எழுதியிருப்பார்.

ஒருமுறை ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“உங்க வார்டுல எத்தனை பெட்மா?”

“முப்பது, மேடம்.”

“நைட்ல எத்தனை சிஸ்டர்?”

“ரெண்டு பேர். ஒருத்தர் லீவு போட்டா நான் மட்டும்தான்.”

“இதை ஏன் எழுதலை?”

“எல்லாரும் பார்க்கிற வேலைதானே, மேடம்.”

ஒரு டியூட்டியில் நாம் எழுதும் எண்களுக்குக் கணக்கே இல்லை. பிபி, பல்ஸ், யூரின் எத்தனை மில்லி, டிரிப் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு. எல்லோர் கணக்கையும் எழுதுகிற கை, தன் கணக்கை எழுத உட்காரும்போது மட்டும் ஓர் எண்கூட எழுதாது. இந்தப் பதிவு அந்தக் கணக்கை எழுதுவதற்காக. நர்ஸை வைத்தே சொல்கிறேன்; டயாலிசிஸ், லேப், ஆபரேஷன் தியேட்டர் டெக்னீசியன்களுக்கும் வழி இதேதான். எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது, அங்கே தேர்வு மதிப்பெண்தான் பேசும். தனியார் மருத்துவமனை, வளைகுடா, பிரிட்டன் என்று யோசிப்பவர்கள் மேலே படியுங்கள்.

படி 1: கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள், நோட்டை எடுங்கள்

ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகப்போகிறது. இருந்தாலும் முதலில் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் யாரோ அனுப்பிய மாதிரியில் உள்ள வாக்கியங்கள்தான் கைக்கு வரும்.

வேலை பார்த்த ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மொத்தம் எத்தனை படுக்கை? உங்கள் வார்டில் எத்தனை? ஒரு ஷிஃப்டில் உங்கள் பொறுப்பில் எத்தனை பேர்? பெரும்பாலும் என்ன கேஸ்கள்: மாரடைப்பா, பக்கவாதமா, தலைக்காயமா, பிரசவமா? எந்தெந்த மெஷினை நீங்களே இயக்கினீர்கள்? வெண்டிலேட்டர், சிரிஞ்ச் பம்ப், டிஃபிபிரிலேட்டர், சி.டி.ஜி. (வயிற்றிலுள்ள குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்ப்பது) எல்லாவற்றையும் எழுதுங்கள். மருந்து, சார்ட் எல்லாம் பேப்பரிலா, கம்ப்யூட்டரிலா? புதியவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தீர்களா? இன்சார்ஜ் சிஸ்டர் லீவில் போனால் வார்டை யார் பார்த்தார்கள்? கடைசிக் கேள்விக்குப் பலருக்கு ‘நான்தான்’ என்று பதில் வரும். ஆனால் அது ரெஸ்யூமேயில் இருக்காது.

எண் நினைவில்லையென்றால் பழைய டியூட்டி ரோஸ்டரை யோசித்துப்பாருங்கள், கூட வேலை பார்த்தவரைக் கேளுங்கள். தோராயமாக இருந்தால் ‘சுமார்’ என்றே எழுதலாம். நோயாளியின் பெயர், படம், கேஸ் ஷீட் எதுவும் இதற்குள் வரக்கூடாது, அவர் ஊரறிந்த பிரமுகராக இருந்தாலும்.

படி 2: நோட்டில் உள்ளதை வரியாக்குதல்

ஒரு வரிக்குள் மூன்று விஷயம் இருந்தால் போதும்: எங்கே, யாருக்கு, நீங்கள் என்ன செய்தீர்கள்.

முன்பு: ‘ஐசியூவில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டேன்.’

பின்பு: ‘12 படுக்கை மெடிக்கல் ஐசியூவில் ஒரு ஷிஃப்டுக்கு 2 நோயாளிகள், வெண்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு சக்ஷன், ஏபிஜி சாம்பிள் எடுத்தல், மணிக்கொரு முறை ஜிசிஎஸ் பதிவு.’ (ஏபிஜி என்பது தமனி ரத்தத்தில் வாயு அளவு பார்க்கும் டெஸ்ட், ஜிசிஎஸ் என்பது நினைவு நிலைக்கான மதிப்பெண்.)

இரண்டாவது வரியைப் படிக்கும் நர்சிங் சூப்பிரண்டுக்குப் பல சங்கதிகள் புரிந்துவிடும். வெண்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஐசியூ நோயாளி இருவருக்கு ஒரு நர்ஸ் என்பது இங்கே பொதுவான நெறி. அதோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு, நீங்கள் எந்த மாதிரி இடத்திலிருந்து வருகிறீர்கள், வந்த முதல் வாரம் எங்கே நிறுத்தலாம் என்று அவர் மனதுக்குள் ரோஸ்டர் போட ஆரம்பித்துவிடுவார். நமக்கு வேண்டியது அதுதான்.

இன்னொன்று, டயாலிசிஸ் டெக்னீசியனுக்கு. முன்பு: ‘டயாலிசிஸ் செய்தேன்.’ பின்பு: ‘ஒரு ஷிஃப்டில் 4 மெஷின்கள், ஃபிஸ்டுலாவில் ஊசி போடுதல், 4 மணி நேர சிகிச்சையின்போது பிபி இறங்குவதைக் கண்காணித்து உடனே நெஃப்ராலஜிஸ்ட்டுக்குத் தெரிவித்தல்.’ (ஃபிஸ்டுலா என்பது டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்.) எடுத்துக்காட்டில் உள்ள எண்கள் என்னுடையவை, உங்கள் எண்ணைப் போடுங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது: நான் சொல்லிக்கொடுத்த வரியே எண் மாறாமல் என்னிடமே திரும்பி வந்த கதை உண்டு.

படி 3: வினைச்சொல்லில் கவனம்

இங்கேதான் நல்ல நர்ஸ்களும் மாட்டிக்கொள்கிறார்கள். ‘பெர்ஃபார்ம்டு’ என்றால் நீங்களே செய்தது. ‘அசிஸ்டட்’ என்றால் செய்தவருக்குக் கை கொடுத்தது. ‘இன்டியூபேஷன் பெர்ஃபார்ம்டு’ என்று ஒரு ஸ்டாஃப் நர்ஸ் எழுதினால், படிப்பவர் அந்த வரியோடு மற்ற வரிகளையும் சந்தேகிப்பார். மூச்சுக்குழாயில் டியூப் போட்டது மயக்க மருந்து டாக்டர். மருந்தை எடுத்துக் கொடுத்தது, சக்ஷனைத் தயாராக வைத்தது, டியூப் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று பார்த்து எழுதியது நீங்கள். அதை அப்படியே எழுதினாலே கௌரவமாக இருக்கும்.

‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’ என்று ஒவ்வொரு வரியையும் தொடங்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பொறுப்பு இருந்தது சரி, செய்தீர்களா இல்லையா?

படி 4: ‘நான் என்ன மேடம் சாதிச்சேன்?’

மெடல் வாங்கியிருக்க வேண்டியதில்லை. நீங்கள் வருவதற்கு முன் ஒருமாதிரி இருந்து, பிறகு வேறுமாதிரி ஆன எதுவும் இதில் சேரும். ஹேண்ட் ஓவர் வாய்மொழியாக நடந்ததை ஒரு பக்கப் படிவமாக்கினீர்களா? கிராஷ் கார்ட்டில் (அவசர மருந்து வண்டி) காலாவதி மருந்து சரிபார்க்கப் பட்டியல் போட்டீர்களா? என்.ஏ.பி.ஹெச். (மருத்துவமனைத் தரச் சான்று) ஆடிட்டுக்கு உங்கள் வார்டு ஃபைல்களைத் தயார் செய்தீர்களா? புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்கு கேனுலா போடப் பழக்கினீர்களா? எல்லாம் சாதனைதான்.

தொற்று விகிதம் போன்ற எண்களை எழுதுவதானால் முறையாக எழுதுங்கள். சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் போடும் டியூப்) தொற்றை 1,000 லைன் நாள்களுக்கு, அதாவது நோயாளிகளுக்கு லைன் இருந்த நாள்களின் கூட்டலில், எத்தனை என்றுதான் கணக்கிடுவார்கள். ஓர் ஆண்டில் 1,600 லைன் நாள்களில் 4 தொற்று என்றால் விகிதம் 2.5. உங்கள் யூனிட்டின் இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸிடம் இந்தக் கணக்கு இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஆனால் அதை நீங்கள் ஒருவரே குறைத்துவிடவில்லை. ‘தொற்றைக் குறைத்த குழுவில், டிரெஸ்ஸிங் சரிபார்ப்பு என் பொறுப்பு’ என்று உங்கள் பங்கை மட்டும் பிரித்துச் சொல்லுங்கள்.

‘என் பணிக்காலத்தில் ஒரு மெடிகேஷன் எரர்கூட நடந்ததில்லை’ என்று எழுதாதீர்கள். படிப்பவருக்குச் சிரிப்புதான் வரும். தப்பு நடக்கவிருந்ததைக் கவனித்து இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதியவர் என்றால் நான் அவரைத்தான் எடுப்பேன்.

படி 5: தேதி

தேதி அலுப்பூட்டும் விஷயம், ஆனால் வளைகுடா போகிறவர்களின் விண்ணப்பம் பெரும்பாலும் இதில்தான் சிக்குகிறது. டேட்டாஃப்ளோ போன்ற சரிபார்ப்பு நிறுவனங்கள் நீங்கள் வேலை பார்த்த மருத்துவமனைக்கே எழுதிக் கேட்பார்கள். ரெஸ்யூமேயில் ஒரு தேதி, அனுபவச் சான்றிதழில் வேறு தேதி என்றால் முடிந்தது கதை. எனக்குத் தெரிந்த ஒரு சிஸ்டருக்கு ரிலீவிங் லெட்டரில் மாதத்தைத் தப்பாக அடித்துக்கொடுத்துவிட்டார்கள். அதைத் திருத்தி வாங்க அவர் அந்த ஆபீசுக்கு நடையாய் நடந்தார். அதனால் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதியை எழுதுங்கள்.

இடையில் குழந்தைப்பேறு, பெற்றோரின் உடல்நிலை என்று இடைவெளி இருந்தால் ஒரே வரியில் சொல்லிவிடலாம். மறைத்து முன்னும் பின்னும் மாதங்களை இழுத்து ஒட்டத் தேவையில்லை.

தமிழ்நாடு நர்சுகள், மிட்வைஃப்கள் கவுன்சில் பதிவு எண் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும், புதுப்பித்த தேதியோடு. பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். (உயிர்காப்புப் பயிற்சி) சான்றிதழ்கள் வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். காலாவதியாகியிருந்தால் புதுப்பித்துவிட்டுப் போடுங்கள்.

படிப்பு இப்போதுதான் முடிந்தது என்பவர்கள்

உங்களிடம் எண் இல்லை என்று யார் சொன்னது? மிட்வைஃபரி கேஸ் புக்கைத் திறங்கள். எத்தனை பிரசவத்தைக் கூட நின்று பார்த்தீர்கள், எத்தனையை நீங்களே நடத்தினீர்கள் என்று கையெழுத்தோடு இருக்கிறது. எந்த மருத்துவமனையில் எந்த வார்டில் எத்தனை வாரம் போஸ்டிங் என்பதும் இருக்கிறது. அதையே அனுபவம் இருக்கவேண்டிய இடத்தில், ‘மாணவப் பயிற்சி’ என்று தெளிவாகத் தலைப்பிட்டு எழுதுங்கள். ‘கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவர்’ வகையறாவுக்கு இடமே இருக்காது.

அனுப்புவதற்கு முன்

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம், கடைசியாகப் பார்த்த வேலை மேலே வரட்டும். பயோடேட்டா பழக்கத்தில் அப்பா பெயர், மதம், உயரம், எடை என்று எழுதுவதை விட்டுவிடுங்கள், பெண் பார்க்கப் போகவில்லை. பிரிட்டனுக்கு என்றால் புகைப்படமும் வேண்டாம்.

பிறகு, உங்களோடு ஒரே வார்டில் வேலை பார்த்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். இன்டர்நெட் சென்டர் அண்ணனிடம் கொடுத்தால் எழுத்துப்பிழையைத்தான் பார்ப்பார். உங்கள் கூட நைட் பார்த்த சிஸ்டர் என்றால், ஏதாவது ஒரு வரியில் நிறுத்தி, “இது எப்போடி நீ பண்ணே?” என்று கேட்பார். அந்த வரியை எடுத்துவிடுங்கள். அவரே, “அன்னைக்கு ஒரே ராத்திரியில மூணு அட்மிஷன் பார்த்தோமே, அதை எழுதலையா?” என்றும் கேட்பார். அதைச் சேர்த்துவிட்டு அனுப்புங்கள்.