மும்பையில் உள்ள இந்திய சினிமா அருங்காட்சியகத்தைத் தமிழ்ப் பார்வையாளர் சுற்றிப் பார்ப்பது எப்படி?

இந்திய சினிமாவின் தேசிய அருங்காட்சியகம் மும்பை பெடர் சாலையில், செய்திப் படங்களையும் ஆவணப் படங்களையும் தயாரித்த அரசு நிறுவனமான பிலிம்ஸ் டிவிஷனின் வளாகத்துக்குள் அமைந்திருக்கிறது. தியேட்டரில் படம் தொடங்குமுன் நியூஸ் ரீல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, 1948இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் பெயர் நினைவிருக்கும். 2019 ஜனவரி 19 அன்று திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் இரண்டு கட்டடங்கள் உள்ளன. ஒன்று, 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட குல்ஷன் மஹால் என்னும் மாளிகை. மற்றொன்று, நான்கு தளங்கள் கொண்ட புதிய கட்டடம். இரண்டையும் நிதானமாகப் பார்க்க நான்கு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை என்பதால் வேறொரு நாளைத் தேர்ந்தெடுத்து, திறக்கும் நேரத்தையும் நுழைவுக் கட்டணத்தையும் முன்னதாகவே உறுதிசெய்துகொண்டு காலையிலேயே சென்றுவிடுவது நல்லது.

தமிழகத்திலிருந்து ரயிலில் வருபவர்கள் தாதர் வந்து, அங்கிருந்து மேற்கு வழித்தடத்தில் சர்ச்கேட் நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கலாம். விரைவு மின்சார ரயில்கள் பொதுவாக அங்கு நிற்பதில்லை. எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் ரயிலில்தான் ஏற வேண்டும். நிலையத்திலிருந்து டாக்சியில் சிறிது தூரம்தான்.

முதலில் குல்ஷன் மஹாலுக்குள் செல்லுங்கள். சினிமாவின் பிறப்பில் தொடங்கி, அது இந்தியாவுக்கு வந்தது, மௌனப் படங்கள், ஒலியின் வருகை, ஸ்டுடியோக்களின் காலம், இரண்டாம் உலகப் போரின் தாக்கம் எனக் கால வரிசைப்படி நகர்ந்து, பிராந்திய மொழி சினிமாவில் முடியும் ஒன்பது பகுதிகள் அங்கே உள்ளன. தெரிந்த முகங்களைத் தேடி நேரே கடைசிப் பகுதிக்குப் போய்விட வேண்டும் என்று நமக்குத் தோன்றும். அப்படிப் போனால், மற்ற எட்டுப் பகுதிகளும் யாருடைய கதையோ என்ற எண்ணமே மிஞ்சும். தமிழ் சினிமாவின் சில ஆண்டுகளை ஒரு தாளில் குறித்து எடுத்துச்சென்று, ஒவ்வொரு பகுதியிலும் அந்தக் காலத்தில் நம் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஒப்பிட்டுக்கொண்டே நடப்பதுதான் என் பரிந்துரை.

சினிமாவின் முன்னோடிகளான பிரான்ஸின் லூமியர் சகோதரர்களின் படங்கள் பம்பாயில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 1896 ஜூலை 7 என்ற தேதிக்கு எதிரே, 1905 வாக்கில் திருச்சியில் படக்கருவி ஒன்றை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட்டை எழுதிக்கொள்ளலாம். இந்திய சினிமாவின் தந்தை எனப்படும் பால்கேயின் முதல் படம் திரைக்கு வந்த 1913க்கு எதிரே, அடுத்த சில ஆண்டுகளில் சென்னையில் ‘கீசக வதம்’ எடுத்த ஆர். நடராஜ முதலியாரைக் குறித்துக்கொள்ளலாம். மௌனப் படங்களின் பகுதியில் ஒன்றை மறந்துவிடக் கூடாது: இந்தியாவில் எடுக்கப்பட்ட சுமார் 1,300 மௌனப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களில் பல எரிந்தும் மக்கியும் போயின. வேறு பல, அவற்றில் இருந்த வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டன. ‘கீசக வதம்’ இன்று நமக்குக் கிடைப்பதில்லை. எனவே புகைப்படம், சுவரொட்டி போன்றவற்றை அலங்காரமாக எண்ணிக் கடந்துவிடாதீர்கள். பல படங்களுக்கு இத்தகைய காகிதங்களே எஞ்சிய சாட்சி.

அதிக நேரம் நிற்க வேண்டியது ஒலியின் வருகையைச் சொல்லும் பகுதியில். 1931 மார்ச் 14 அன்று பம்பாயில் வெளியான ‘ஆலம் ஆரா’ இந்தியாவின் முதல் பேசும் படம். அதைத் தயாரித்த அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனமே, அதே பம்பாயில், எச். எம். ரெட்டியின் இயக்கத்தில் ‘காளிதாஸ்’ படத்தையும் எடுத்தது. டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்ன அந்தப் படம் அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியாயிற்று. அதாவது, தமிழ் பேசிய முதல் படம் பிறந்தது நீங்கள் நின்றுகொண்டிருக்கும் இந்த நகரத்தில்தான். இரண்டு படங்களின் பிரதிகளும் இன்று இல்லை.

ஸ்டுடியோ காலத்தை விரைவாகக் கடந்தாலும் தவறில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1935இல் தொடங்கியது என்பதை மட்டும் பம்பாய் டாக்கீஸின் 1934க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போர்க்காலப் பகுதியில் ஒரு சிறு கணக்கு உதவும். கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் அரசு ஒரு படத்தின் நீளத்தை 11,000 அடிக்குள் கட்டுப்படுத்தியது. பேசும் படத்தில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும் என்பதால், அது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கதையும் பாட்டும் நகைச்சுவையும் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது.

மதிய உணவுக்குப் பின் புதிய கட்டடம். காந்தியும் சினிமாவும், குழந்தைகளுக்கான ஸ்டுடியோ, தொழில்நுட்பம், இந்தியா முழுவதிலுமான சினிமா என நான்கு தளங்களும் நான்கு பொருள்களைப் பேசுகின்றன. சிறுவர்களை அழைத்து வந்திருந்தால் அவர்களுக்கான தளத்துக்கு முதலில் செல்லுங்கள். களைத்த பிறகு அவர்களுக்கு எதுவும் ரசிக்காது. காந்தி தளத்துக்குச் செல்லும்போது இரண்டு தமிழர்களை நினைவில் கொள்ளுங்கள். 1927இல் அமைக்கப்பட்ட சினிமா விசாரணைக் குழுவின் தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். அக்குழு அனுப்பிய வினாக்களுக்கு, தாம் சினிமாவே பார்த்ததில்லை என்றும் அதனால் விளையும் தீமை வெளிப்படை என்றும் பதில் எழுதியவர் காந்தி. அந்தக் காந்தியைப் பற்றியே, நாடு நாடாக அலைந்து படத்துண்டுகளைச் சேகரித்து, 1940இல் தமிழ் விளக்கவுரையுடன் ஆவணப்படம் வெளியிட்டவர் ஏ. கே. செட்டியார்.

மாலையில் பொழுதிருந்தால் காலா கோடா பகுதிக்கு ஒரு டாக்சி பிடியுங்கள். 1896இல் லூமியர் படங்கள் காட்டப்பட்ட வாட்சன் ஹோட்டலின் இரும்புச் சட்டகக் கட்டடம், எஸ்பிளனேட் மேன்ஷன் என்ற பெயரில் அங்கே நிற்கிறது. சிதிலமடைந்துவிட்ட அதைத் தெருவில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.