எகிப்திய ராசி டாலர் வாங்கப் போறீங்களா?

பிறந்த தேதிக்கு ஐசிஸ், அனுபிஸ், தோத் என்று ஒரு தெய்வத்தைச் சொல்லி டாலர் விற்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு தெய்வப் பட்டியல் இக்காலத்தில் உருவானது. பழைய எகிப்தியர்கள் வானத்தை 36 நட்சத்திரக் கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் கணக்கு வைத்திருந்தார்கள். மேஷம், ரிஷபம் என்ற பன்னிரண்டு ராசிகள் பாபிலோனில் தோன்றி, கிரேக்க ஆட்சிக் காலத்தில்தான் எகிப்தில் வேரூன்றின. எகிப்தின் டெண்டெரா கோயில் கூரையிலிருந்த ராசிச் சக்கரம் இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பழைய எகிப்தியர்கள் நிஜமாகவே பாதுகாப்புக்காக அணிந்தவை ஹோரஸ் என்ற தெய்வத்தின் கண், சாணவண்டு போன்றவை. எனக்குப் பிடித்தது வண்டுதான். சாண உருண்டையை அது உருட்டிப் போவதில் சூரியன் வானில் நகர்வதைக் கண்டார்களே, என்ன அழகான பார்வை!

கற்களில் நீல லாபிஸ், நீலப்பச்சை டர்காய்ஸ், செந்நிறச் சூதுபவளம் மூன்றும் அவர்களுக்கு உயிர். டர்காய்ஸ் என்று சாயம் ஏற்றிய வெள்ளைக் கல்லையும் விற்பதுண்டு. வாங்கியதும், கண்ணில் படாத பின்பக்கத்தில் அசிட்டோன் (நகப்பூச்சு நீக்கும் திரவம்) தொட்ட பஞ்சால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நீலம் ஒட்டினால் சாயம்தான். லாபிஸில் பொன் துகள் போல மின்னுவது பைரைட் என்ற கனிமம், பயப்பட வேண்டாம். லாபிஸ், டர்காய்ஸ் இரண்டும் மென்மையான கற்கள். குளிக்கும்போது கழற்றிவிடுங்கள், சென்ட் அடித்துக் காய்ந்த பிறகே போடுங்கள். அழுக்கானால் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.