கட்டளை வரியிலிருந்து அச்சுப்பொறியையும் அச்சு வரிசையையும் அமைத்தல்

லினக்ஸ் கணினியில் அச்சுப்பொறியைச் சேர்க்கச் சாளர வடிவிலான கருவிகள் இருக்கின்றன. ஆனால் திரையே இல்லாத சர்வரிலும், எஸ்எஸ்எச் வழியாக மட்டும் எட்டக்கூடிய தொலைவுக் கணினியிலும், ஒரே அமைப்பைப் பல கணினிகளில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய கணினி ஆய்வகத்திலும் கட்டளை வரிதான் கைகொடுக்கும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. அச்சு நின்றுபோனால், அது எந்த இடத்தில் நின்றது என்பதைச் சாளரக் கருவிகள் பெரும்பாலும் மூடிமறைத்துவிடுகின்றன. கட்டளை வரி அதை அப்படியே காட்டுகிறது.

லினக்ஸில் அச்சு வேலையைக் கவனித்துக்கொள்வது கப்ஸ் என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் 1997-இல் தொடங்கிய இதை ஆப்பிள் நிறுவனம் 2002-இல் தன் மேக் இயங்குதளத்தில் சேர்த்துக்கொண்டு, 2007-இல் அதன் மூலநிரலையும் வாங்கியது. இன்று லினக்ஸ் விநியோகங்களுக்கான கப்ஸை ஓப்பன்பிரிண்டிங் குழு வளர்த்துவருகிறது. கீழே வருபவை உபுண்டு, டெபியன் கணினிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பிற விநியோகங்களிலும் ஏறத்தாழ இதே முறைதான்.

கட்டளைகளையும் அவற்றின் விருப்பக் குறிகளையும் இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி விடாத ஒரே சொல்லாகத் தட்ட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களைத் தனியே சொல்கிறேன்.

முதலில், கப்ஸ் சர்வர் ஓடுகிறதா, அதில் ஏற்கெனவே எந்தெந்த அச்சு வரிசைகள், அதாவது அச்சுக்கு அனுப்பிய பணிகள் முறை வரும்வரை காத்து நிற்கும் இடங்கள், இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்பிஸ்டாட் -டி

இங்குள்ள டி, டெலிபோன் என்ற சொல்லின் முதலெழுத்து. சர்வரின் நிலை, இயல்பு அச்சுப்பொறி, ஒவ்வொரு வரிசையின் முகவரி, அது பணிகளை ஏற்கிறதா, அச்சிடத் தயாராக இருக்கிறதா, காத்திருக்கும் பணிகள் எவை என அனைத்தையும் இந்த ஒரே கட்டளை அடுக்கிக் காட்டும். எதை மாற்றுவதற்கு முன்னும் இதை ஒருமுறை ஓட்டி, வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து வைப்பது நல்ல பழக்கம்.

அடுத்து, அச்சுப்பொறியை அடையும் முகவரியைக் கண்டறிய வேண்டும்.

சூடோ எல்பிஇன்ஃபோ -வி

சூடோ என்பது, தொடர்ந்து வரும் கட்டளையை நிர்வாகி உரிமையுடன் ஓட்டச் சொல்வது. யுஎஸ்பி கேபிளில் இணைந்தவை டைரக்ட் என்ற சொல்லுடனும், நெட்வொர்க்கில் உள்ளவை நெட்வொர்க் என்ற சொல்லுடனும் தொடங்கும் வரிகளாக வரும். புதியவர்கள் குழம்பும் இடம் இதுதான்: நெட்வொர்க் என்ற சொல்லுக்குப் பின் முகவரி எதுவும் இல்லாமல் ஐபிபி என்றோ எல்பிடி என்றோ மட்டும் ஒரு வரி நின்றால், அந்த நெறிமுறையைக் கப்ஸ் அறியும் என்பதே பொருள், அந்த வழியில் அச்சுப்பொறி ஒன்று கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. இரட்டைச் சாய்கோடுகளுடன் முழு முகவரி இருக்கும் வரிகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க் அச்சுப்பொறியின் ஐபி எண் உங்களுக்குத் தெரிந்திருந்தால் முகவரியை நீங்களே எழுதலாம். அந்த எண் நாளை மாறிவிடாதபடி ரவுட்டரில் அதை ஒதுக்கி வைத்துவிடுங்கள். நேற்றுவரை அச்சிட்ட அச்சுப்பொறி இன்று காரணமில்லாமல் மௌனமாக இருந்தால், முகவரி மாறிப்போயிருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இனி வரிசையை உருவாக்கலாம். ஆபீஸ் என்று பெயர் வைப்பதாகக் கொள்வோம். பெயரில் இடைவெளியோ, சாய்கோடோ, ஹேஷ் குறியோ வரக்கூடாது.

சூடோ எல்பிஅட்மின் -பி ஆபீஸ் -இ -வி ஐபிபி://192.168.1.50/ஐபிபி/பிரிண்ட் -எம் எவ்ரிவேர்

பி என்பது வரிசையின் பெயர்; இந்தப் பி, பேப்பர் என்ற சொல்லின் முதலெழுத்து. வி என்பது முகவரி. எம் என்பது அச்சுப்பொறியின் மாதிரி. மாதிரியின் இடத்தில் எவ்ரிவேர் என்று கொடுத்தால் தனி டிரைவர் எதுவும் தேவையில்லை. கப்ஸ் நேராக அச்சுப்பொறியையே கேட்டு, அது ஏற்கும் தாள் அளவுகள், இருபக்க அச்சு வசதி, வண்ணம் ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளும். ஆகவே இந்தக் கட்டளையை ஓட்டும் நேரத்தில் அச்சுப்பொறி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். டிரைவர் இல்லாமலே அச்சிட உதவும் ஆப்பிளின் ஏர்பிரிண்ட் வசதியுள்ள நெட்வொர்க் அச்சுப்பொறிகளுக்கு இதுவே போதும். பழைய அச்சுப்பொறிகளுக்கு மட்டும், எல்பிஇன்ஃபோ -எம் காட்டும் நீண்ட பட்டியலிலிருந்து பொருத்தமான டிரைவரைத் தேர்ந்து அந்த இடத்தில் தர வேண்டும். அப்போது, டிரைவர்கள் வருங்காலப் பதிப்பில் இயங்காமல் போகும் என்ற எச்சரிக்கையை எல்பிஅட்மின் காட்டும். அது பிழையறிவிப்பு அல்ல. வரிசை வழக்கம்போல் உருவாகிவிடும்.

மேலே உள்ள கட்டளையில் இ என்ற குறி பெரிய எழுத்தில் வர வேண்டும். அது நிற்கும் இடமும் முக்கியம். வரிசையின் பெயருக்குப் பின்னால் வந்தால், அந்த வரிசையைத் திறந்துவிடு, பணிகளை ஏற்கச் செய் என்று பொருள். பெயருக்கு முன்னால், அதாவது எல்பிஅட்மின் என்ற சொல்லை அடுத்து உடனே வந்தால், சர்வருடன் பேசும்போது மறையாக்கத்தைப் பயன்படுத்து என்று பொருள். வரிசையைத் திறப்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இடம் மாறி எழுதினாலும் கட்டளை எந்தப் பிழையும் சொல்லாமல் முடிந்துவிடும், வரிசையும் உருவாகிவிடும், ஆனால் ஒரு தாளும் வெளியே வராது. இணையத்தில் கண்ட கட்டளையை ஒட்டிப் பயன்படுத்துபவர்கள் இந்த ஓர் எழுத்தின் இடத்தைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

இங்கேதான் அச்சு வரிசையைப் பற்றி அறிய வேண்டிய அடிப்படையான செய்தி இருக்கிறது. ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலும் நீர் வெளியேறும் மதகும் தனித்தனியாக இருப்பதுபோல, ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நிலைகள் இருக்கின்றன. புதிய பணிகளை வரிசை ஏற்கிறதா என்பது ஒன்று. ஏற்ற பணிகளை அச்சுப்பொறிக்கு அனுப்புகிறதா என்பது மற்றொன்று. முதல் நிலையைக் கப்ஸ்அக்செப்ட், கப்ஸ்ரிஜெக்ட் என்ற கட்டளைகளும், இரண்டாவதைக் கப்ஸ்எனேபிள், கப்ஸ்டிஸேபிள் என்ற கட்டளைகளும் மாற்றுகின்றன. நால்வகைச் சேர்க்கைகளும் நடைமுறையில் வரக்கூடியவையே.

டோனர் மாற்றும்போது இரண்டாவது நிலையை மட்டும் நிறுத்தினால் போதும். அலுவலகத்தில் உள்ளவர்கள் வழக்கம்போல் அச்சுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கலாம். பணிகள் வரிசையில் சேர்ந்து நிற்கும். திறந்துவிட்டதும் வந்த வரிசைப்படி வெளிவரும்.

சூடோ கப்ஸ்டிஸேபிள் -ஆர் "டோனர் மாற்றப்படுகிறது" ஆபீஸ்

ஆர் குறியுடன் தரும் காரணம், எல்பிஸ்டாட் -பி ஆபீஸ் என்று கேட்பவர்களுக்குத் தெரியும். பலர் பகிர்ந்துகொள்ளும் அச்சுப்பொறியில் காரணம் எழுதாமல் நிறுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இல்லையேல் அடுத்தவர் வந்து திறந்துவிடுவார். மாறாக, அச்சுப்பொறியையே அப்புறப்படுத்தப் போகிறோம் என்றால் முதல் நிலையை மூட வேண்டும். கப்ஸ்ரிஜெக்ட் கொடுத்தபின், உள்ளே நிற்கும் பணிகள் அச்சாகி முடியும், புதியவை நுழையா.

யாரும் மூடாமலேயே இரண்டாவது நிலை மூடிக்கொள்வதும் உண்டு. அச்சுப்பொறியுடன் பேசும்போது பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கொள்கை உள்ளது. அது ஸ்டாப்-பிரிண்டர் என்று இருந்தால், பிழை நேர்ந்ததும் கப்ஸ் அந்த வரிசையை நிறுத்திவிடும். அச்சுப்பொறி சரியானபின்னும் யாராவது கப்ஸ்எனேபிள் கொடுக்கும்வரை அது நின்றே இருக்கும். காகிதம் இருக்கிறது, கேபிள் சரியாக இருக்கிறது, ஆனாலும் அச்சு வரவில்லை என்ற புகார்களில் பல இப்படிப்பட்டவை. ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் இருக்கும் அச்சுப்பொறிக்குக் கொள்கையை மாற்றிவிடுவது நல்லது.

சூடோ எல்பிஅட்மின் -பி ஆபீஸ் -ஓ பிரிண்டர்-எரர்-பாலிசி=ரிட்ரை-ஜாப்

தாள் அளவு நம் ஊரில் தனிக் கவனம் பெற வேண்டியது. நாம் ஏ4 தாளைப் பயன்படுத்துகிறோம். அச்சுப்பொறியோ கணினியோ அமெரிக்க லெட்டர் அளவில் அமைந்திருந்தால், பக்கத்தின் ஓரம் வெட்டுப்படும், அல்லது லெட்டர் தாளை வை என்று அச்சுப்பொறி விளக்கை மினுக்கிக்கொண்டு காத்திருக்கும்.

எல்பிஆப்ஷன்ஸ் -பி ஆபீஸ் -எல்

இதன் வெளியீட்டில் ஒவ்வொரு வரியும் ஒரு விருப்பம். அதன் மதிப்புகளுள் எதற்கு முன்னால் நட்சத்திரக் குறி உள்ளதோ அதுவே இப்போது நடைமுறையில் இருப்பது. பேஜ்சைஸ் வரியில் நட்சத்திரம் லெட்டரின்மேல் இருந்தால் இப்படி மாற்றலாம்.

சூடோ எல்பிஅட்மின் -பி ஆபீஸ் -ஓ பேஜ்சைஸ்=ஏ4

பேஜ்சைஸ் என்பதில் பேஜ், சைஸ் ஆகிய இரண்டின் முதலெழுத்துகளும் பெரியவை. ஏ4 என்பதிலும் பெரிய எழுத்தே. எல்பிஅட்மின் வழியாகச் செய்யும் மாற்றம் சர்வரில் பதிவாகி, அந்த வரிசையைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொருந்தும். எல்பிஆப்ஷன்ஸ் வழியாக ஒருவர் செய்யும் மாற்றம் அவருடைய கணக்கில் மட்டும் இருக்கும். அவருக்கு அதுவே மேலோங்கும். சர்வரில் ஏ4 என்று மாற்றியபின்னும் ஒருவருக்கு மட்டும் லெட்டர் அளவில் வந்துகொண்டிருந்தால், அவருடைய வீட்டு அடைவில் மறைந்திருக்கும் கப்ஸ் அடைவுக்குள் எல்பிஆப்ஷன்ஸ் என்ற கோப்பைத் தேடுங்கள்.

இயல்பு அச்சுப்பொறியைக் குறிக்க, சூடோ எல்பிஅட்மின் -டி ஆபீஸ் என்பது போதும். இங்குள்ள டி, டெல்லியின் முதலெழுத்து.

பணிகளைக் கையாளும் கட்டளைகள் எளியவை. எல்பிஸ்டாட் -ஓ, காத்திருக்கும் பணிகளை ஆபீஸ்-123 என்பதுபோன்ற எண்களுடன் காட்டும். கேன்சல் ஆபீஸ்-123 அதை நீக்கும். எல்பி -ஐ ஆபீஸ்-123 -க்யூ 100 என்பது அதை முன்னுக்குக் கொண்டுவரும்; முன்னுரிமை 1 முதல் 100 வரை, இயல்பாக 50. பெரிய எழுத்து எச் குறியால் ஒரு பணியைக் குறிப்பிட்ட நேரம்வரை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அந்த நேரத்தை உலகப் பொது நேரப்படி எழுத வேண்டும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மாலை 7 மணிக்கு அச்சாக வேண்டிய நீண்ட அறிக்கைக்கு, ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து 13:30 என்று கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்தபின்னும் தாள் வரவில்லை என்றால் பதிவேட்டைத் திறக்க வேண்டும். கப்ஸ்கன்ட்ரோல் என்பதன் சுருக்கமான கப்ஸ்சிடிஎல் கட்டளைக்கு --டீபக்-லாகிங் என்ற குறியைக் கொடுத்து, ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பிப் பார்த்து, வார் அடைவில் லாக், அதனுள் கப்ஸ், அதனுள் எரர்_லாக் என்ற கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள். அந்தப் பணியின் எண் ஜாப் என்ற சொல்லுடன் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும். அதை வைத்துத் தேடினால் எந்தக் கட்டத்தில் தடைப்பட்டது என்று தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் --நோ-டீபக்-லாகிங் கொடுத்து நிறுத்திவிடுங்கள். பதிவேடு விரைவில் பெருத்துவிடும்.

வரிசையை நீக்குவதற்கு எல்பிஅட்மின் -எக்ஸ் ஆபீஸ் என்பதே கட்டளை. அது எதையும் கேட்காமல், உள்ளே காத்திருக்கும் பணிகளையும் சேர்த்து அழித்துவிடும். எனவே முதலில் கப்ஸ்ரிஜெக்ட் கொடுத்து நுழைவை மூடி, எல்பிமூவ் ஆபீஸ் மாடி என்று கொடுத்துப் பணிகள் அனைத்தையும் மாடி என்ற மற்றொரு வரிசைக்கு மாற்றி, எல்பிஸ்டாட் -ஓ ஆபீஸ் எதையும் காட்டவில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே நீக்க வேண்டும்.