ரக்பி நாயகன் இளவயதில் மறைந்தால்: இரங்கலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 நவம்பர் 18 காலை, ஆக்லாந்து வீட்டில் நியூசிலாந்து ரக்பி வீரர் ஜோனா லோமு இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது அவருக்கு வயது 40. உலகக் கோப்பைத் தொடரையொட்டி பிரிட்டனில் இருந்தவர், துபாயில் குடும்பத்தோடு சில நாள் தங்கிவிட்டு முந்தைய இரவுதான் ஊர் திரும்பியிருந்தார். நியூசிலாந்தின் தேசிய அணியான ஆல் பிளாக்ஸின் மருத்துவராக இருந்த ஜான் மேஹ்யூ குடும்பத்தின் சார்பில் செய்தியை உறுதி செய்தார். எதிர்பாராத மரணம் என்பதைத் தாண்டி அப்போது சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அடுத்த சில மணி நேரத்தில் உலகம் முழுக்க எவ்வளவோ சொல்லப்பட்டுவிட்டது.

இப்படிப்பட்ட மரணங்களில் ரசிகர்களும் ஊடகங்களும் செய்கிற பிழைகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. இறந்தவர் முதலில் ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரர், அப்புறம்தான் நமக்கு. இந்த வரிசை மாறிப்போகிறது.

காரணத்தை நாமே எழுதிவிடுவது

லோமுவுக்குச் சிறுநீரக நோய் இருந்தது எல்லோருக்கும் தெரியும். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று 1995 இறுதியில் கண்டுபிடித்தார்கள். 2003-ல் டயாலிசிஸ், 2004-ல் வானொலி அறிவிப்பாளர் கிராண்ட் கெரியாமா கொடுத்த சிறுநீரகம், 2011-ல் அதுவும் செயலிழந்து மறுபடி டயாலிசிஸ். இவ்வளவும் தெரிந்ததால் 'சிறுநீரகம் செயலிழந்து மரணம்' என்று எழுதுவது எளிதாகிவிட்டது. நீண்டகால நோய் இருந்தது என்பதும் அந்த நோயால்தான் அன்று உயிர் போனது என்பதும் ஒன்றல்ல. மருத்துவரே வாய் திறக்காதபோது நாம் எதற்கு முந்திக்கொள்ள வேண்டும்?

அயர்லாந்தின் மன்ஸ்டர் அணிப் பயிற்சியாளர் ஆன்டனி ஃபோலி விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 2016 அக்டோபர் 16, ரேசிங் 92 அணியோடு மோத வேண்டிய நாள். பாரிஸ் புறநகரில் அணி தங்கியிருந்த விடுதி அறையில் அவர் இறந்து கிடந்தார். வயது 42. வெளிநாடு, விடுதி, தூக்கத்தில் மரணம் என்று மூன்று சொல் கிடைத்தால் போதும், வதந்திக்குக் கை கால் முளைத்துவிடும். பிரேதப் பரிசோதனையில் தெரிய வந்ததோ இதயக் கோளாறும் அதனால் நுரையீரலில் நீர் கோத்ததும். அந்த அறிக்கை வரும்வரை சும்மா இருந்தவர்கள்தான் அந்தக் குடும்பத்துக்கு உதவி செய்தவர்கள்.

இதன் இன்னொரு வடிவம் 'சாபம்'. 1995 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் விளையாடிய தென்னாப்பிரிக்கர்களில் ரூபன் க்ரூகர் 39 வயதிலும், யூஸ்ட் ஃபான் டெர் வெஸ்ட்ஹைசன் 45-லும், செஸ்டர் வில்லியம்ஸ் 49-லும், ஜேம்ஸ் ஸ்மால் 50-லும் போய்விட்டார்கள். எதிரணியில் லோமு. பட்டியலைப் பார்த்தால் மனம் பதறத்தான் செய்யும். ஆனால் க்ரூகருக்கு மூளைப் புற்றுநோய், யூஸ்டுக்குத் தசைகளை இயக்கும் நரம்புகளைச் சிதைக்கும் மோட்டார் நியூரான் நோய், மற்ற இருவருக்கும் மாரடைப்பு. நான்கு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி, ஆதாரமே இல்லாமல் ஏதேதோ மருந்துக் கதைகளைப் பரப்புவது அஞ்சலிக் கணக்கில் வராது.

நமக்கான இடம் எது என்று தெரியாமல் போவது

லோமுவின் வழியனுப்பலை நடத்திய விதத்தைப் பாருங்கள். முதலில், சனிக்கிழமை, தெற்கு ஆக்லாந்தின் மனுகாவில் டோங்கா மக்களும் பிற பசிபிக் தீவு மக்களும் கூடிய குடும்ப நாள். திங்கள், நவம்பர் 30, ஈடன் பார்க் மைதானத்தில் பொது அஞ்சலி. பெட்டி மைதானத்துக்குள் கொண்டுவரப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். மறுநாள் நெருங்கியவர்களுக்கு மட்டும் இறுதிச் சடங்கு, மனுகாவ் நினைவுத் தோட்டத்தில் அடக்கம்.

ஊர் கேட்டதை ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது. மண் போடும் நேரம் வீட்டுக்கு. இதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் அடக்கத்தின்போதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், அல்லது 'எங்களை ஏன் உள்ளே விடவில்லை' என்று கோபிப்பார்கள்.

2024-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் ரைனோஸ் அணியின் ராப் பர்ரோ 41 வயதில் இறந்தபோதும் இதே ஒழுங்குதான். அவர் அணிந்த சட்டை எண் 7, இறுதி ஊர்வலம் நடந்தது ஜூலை 7. ஃபெதர்ஸ்டோனில், அவர் சிறுவனாக விளையாடிய கிளப் இருக்கும் வழியாக ஊர்வலம் போனது. ஜனங்கள் தெருவின் இருபுறமும் சட்டைகளோடும் கொடிகளோடும் நின்று வழியனுப்பினார்கள். உள்ளே நடந்தது குடும்பத்தின் சடங்கு. தெருவோரம் என்பது குறைந்த இடம் இல்லை. ரசிகனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

பர்ரோவைப் பற்றி எழுதும்போது சறுக்குகிற இடம் ஒன்றும் உண்டு. அவர் ஆடியது ரக்பி லீக், அணிக்கு 13 பேர். லோமுவும் ஃபோலியும் பேர் வாங்கியது 15 பேர் ஆடும் ரக்பி யூனியனில். இரண்டையும் குழப்பி, 'இங்கிலாந்து ரக்பியின் மாபெரும் வீரர்' என்று யூனியன் கோப்பையின் படத்தோடு போட்டால், லீட்ஸ்காரர்களுக்கு அது துக்கத்தின் நடுவே ஒரு குத்து. லீக் என்பது வடக்கு இங்கிலாந்தின் தொழிலாளர் ஊர்கள் நூறு வருடத்துக்கு மேலாகத் தமக்கென்று வைத்திருக்கும் ஆட்டம்.

ஹாக்காவை நடனமாகப் பார்ப்பது

லோமுவின் பழைய பள்ளியான வெஸ்லி கல்லூரி மாணவர்கள் அவரது சவ வண்டியின் முன், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் காலை மிதித்து உரக்கக் குரல்கொடுத்து ஆடும் ஹாக்காவை ஆடிய காணொளி உலகெங்கும் பரவியது. அதன் கீழே 'செம டான்ஸ்', 'புல்லரிக்குது, மறுபடி மறுபடி பார்க்கலாம்' என்று எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஆனால் சாவு வீட்டுப் பறையை யாரும் கச்சேரி என்று சொல்வதில்லையே. மாவோரி மரபில் இறந்தவரின் முன் ஆடும் ஹாக்கா அவரை நோக்கிப் பேசுகிறது. பார்வையாளர்களுக்காக ஆடப்படுவதில்லை.

இதில் இன்னும் இரண்டு பிழைகள் ஒட்டிக்கொண்டே வரும். ஒன்று, ஆல் பிளாக்ஸ் போட்டிக்கு முன் ஆடும் 'கா மாத்தே' மட்டும்தான் ஹாக்கா என்று நினைப்பது. ஹாக்காக்கள் ஏராளம், நியூசிலாந்தின் பள்ளிகள் பலவற்றுக்குத் தனித்தனியே உண்டு. மற்றது, லோமுவையே மாவோரி ஆக்கிவிடுவது. அவர் டோங்கா பெற்றோருக்கு ஆக்லாந்தில் பிறந்தவர், சிறு வயதில் சில ஆண்டுகள் டோங்காவில் உறவினர் வீட்டில் வளர்ந்தவர், பிறகு தெற்கு ஆக்லாந்தின் மாங்கெரே. அவருக்கு ஹாக்கா ஆடப்பட்டதற்குக் காரணம் அவர் அந்த மண்ணின், அந்தப் பள்ளியின், அந்தச் சட்டையின் பிள்ளை என்பதுதான். டோங்கா முறைச் சடங்குகளும் கூடவே நடந்தன. இரண்டும் சேர்ந்ததுதான் தெற்கு ஆக்லாந்து.

ஃபோலிக்காக நடந்ததையும் சொல்ல வேண்டும். 2016 நவம்பர் 5, சிகாகோ. ஆல் பிளாக்ஸ் ஹாக்காவை எதிர்கொண்டு நின்ற அயர்லாந்து வீரர்கள் நேர் வரிசையில் நிற்கவில்லை, 8 என்ற எண் வடிவில் நின்றார்கள். அது ஃபோலி ஆடிய இடத்தின் எண். ஆறு நாள் கழித்து லிமரிக்கின் தாமண்ட் பார்க்கில் மன்ஸ்டரும் மாவோரி ஆல் பிளாக்ஸும் மோதின. ஹாக்காவுக்கு முன் மாவோரி அணித் தலைவர் ஆஷ் டிக்சன், ஃபோலியின் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த கறுப்புச் சட்டை ஒன்றை மைதானத்தின் நடுக்கோட்டில் விரித்து வைத்தார். ஆடி முடித்ததும் அதை எடுத்துப் போய் ஃபோலியின் இரண்டு மகன்களிடம் கொடுத்தார். பேச்சு கிடையாது, உரை கிடையாது. வெளியூரிலிருந்து வந்து அஞ்சலி செலுத்துகிறவர்கள் இவர்களிடம்தான் பாடம் கேட்க வேண்டும். தன் மரபில் இருப்பதைக் கொண்டுவந்தார்கள், சேர வேண்டியவர்களிடம் சேர்த்தார்கள், நகர்ந்துவிட்டார்கள்.

ஒரே ஒரு ஓட்டமாகச் சுருக்குவது

1995 ஜூன் 18, கேப்டவுனின் நியூலாண்ட்ஸ். இங்கிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதி தொடங்கிச் சில நிமிடம்தான் ஆகியிருந்தது. லோமுவுக்கு வந்த பந்து அவருக்குப் பின்னால் விழுந்து துள்ளுகிறது. திரும்பி எடுக்கிறார். டோனி அண்டர்வுட்டைத் தாண்டுகிறார், வில் கார்லிங் காலைத் தட்ட, தடுமாறுகிறார், ஆனால் விழவில்லை. முன்னால் மைக் கேட் மட்டும். விலகி ஓட நேரமில்லை, அவர் மேலேயே ஏறி ஓடி ட்ரை வைக்கிறார், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுக்கிறார். அன்று மொத்தம் நான்கு ட்ரை, நியூசிலாந்து 45-29.

அஞ்சலிகளில் பத்தில் ஒன்பது இந்தக் காட்சியோடு நின்றுவிட்டன. கூடவே மைக் கேட்டை வைத்துக் கிண்டலும். ஒருவர் இறந்த நாளில் உயிரோடிருக்கும் இன்னொருவரை மிதியடி ஆக்குவது எந்த ஊர் மரியாதை? அந்த கேட் 2003-ல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர், 36 வயதில் 2007 இறுதிப் போட்டியிலும் ஆடியவர்.

லோமுவுக்கும் இந்தச் சுருக்கம் நியாயமில்லை. 1999 உலகக் கோப்பையில் அவர் எட்டு ட்ரை வைத்தபோது நோய் அவர் உடம்பில் நான்கு வருடமாக இருந்தது. அதனால்தான் 'நோயிடம் தோற்றார்' என்று படிக்கும்போது எரிச்சல் வருகிறது. இருபது வருடம் நோயோடு வாழ்ந்து, அதில் பாதிக்கு ஆட்டமும் ஆடியவர் எதில் தோற்றார்?

மிகையும் வேண்டாம். அவர் 63 டெஸ்ட்களில், அதாவது நாடுகளுக்கு இடையிலான போட்டிகளில், 37 ட்ரை வைத்தவர். ஆனால் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட்களில் ஒன்றுகூட இல்லை. உலகக் கோப்பை வென்ற அணியிலும் அவர் இல்லை. 1995 இறுதியில் 15-12 தோல்வி, 1999-ல் அரையிறுதியோடு சரி. உலகக் கோப்பைகளில் அவர் வைத்த 15 ட்ரை சாதனையைக் கூட, அவர் இறப்பதற்குச் சில வாரம் முன்புதான் பிரையன் ஹபானா சமன் செய்திருந்தார். 'உலகக் கோப்பை நாயகன், யாரும் நெருங்க முடியாத சாதனை' என்று எழுதியவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். உண்மைக் கணக்கே போதுமான அளவு பெரியது.

துக்கத்தை வெற்றிக் கதை ஆக்குவது

ஃபோலி அடக்கம் செய்யப்பட்ட மறுநாள் தாமண்ட் பார்க்கில் கிளாஸ்கோவோடு போட்டி. 8-ஆம் எண் சட்டையை அன்று யாருக்கும் கொடுக்கவில்லை, அந்த இடத்தில் ஆடிய சி.ஜே. ஸ்டாண்டர் 24 போட்டுக்கொண்டார். முதல் பாதியிலேயே கீத் ஏர்ல்ஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, 14 பேரோடு ஆடியும் மன்ஸ்டர் 38-17 என்று வென்றது. முடிந்ததும் வீரர்கள் வட்டமாக நின்று பாடினார்கள், நடுவில் ஃபோலியின் மகன்கள்.

அருமையான மாலைதான், மறுக்கவில்லை. ஆனால் 'அவருக்காகவே வென்றார்கள்' என்று எழுதும்போது, தோற்றிருந்தால் என்ன எழுதியிருப்போம் என்று யோசிக்க வேண்டும். நாலைந்து நாளாகத் தூங்காத இளைஞர்கள் அவர்கள். வெற்றியை அன்பின் அளவுகோல் ஆக்கினால், அடுத்த வாரம் தோற்பவர்களுக்குச் சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது.

ஆட்டத்தின் மேல் உடனே பழி, பணத்தின் மேல் உடனே கண்

யூஸ்ட், ஸ்காட்லாந்தின் டாடி வியர், பர்ரோ என்று மோட்டார் நியூரான் நோய் அடுத்தடுத்துப் பறித்ததால், 'ரக்பிதான் கொன்றது' என்ற முடிவு சுலபமாக வருகிறது. ஸ்காட்லாந்தின் நானூற்றுச் சொச்சம் முன்னாள் சர்வதேச வீரர்களை வைத்து 2022-ல் வந்த ஆய்வு, அவர்களுக்கு இந்த நோயின் ஆபத்து கூடுதல் என்று காட்டியது. அதில் நோய் வந்தவர்களின் எண்ணிக்கையோ சிறியது. கேள்வி கேட்க இது தாராளமாகப் போதும், ஒரு குறிப்பிட்ட மனிதரின் மரணத்துக்குத் தீர்ப்பு எழுதப் போதாது. கேள்வியையும் சவ ஊர்வலம் முடிந்தபிறகு கேட்கலாம்.

பணம் பற்றிய பேச்சு இதைவிட மோசம். லோமு போனபின் அவர் இரு சிறுவர்களுக்கு விட்டுச்சென்றது அதிகமில்லை என்று தெரிந்ததும், எங்கே போயிற்று, யார் தின்றார்கள் என்று விசாரணை தொடங்கிவிட்டது. நியூசிலாந்து ரக்பி வீரர்கள் சங்கம் அந்தப் பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை அமைத்தது. கொடுக்க நினைத்தவர்களுக்கு அதுதான் வழி. பிரபலம் இறந்த அன்று மாலையே கண்ணில் படும் நிதிப் பக்கங்களில், குடும்பமோ கிளப்போ வீரர் சங்கமோ வெளிப்படையாக அறிவிக்காத எதிலும் பணம் போட வேண்டாம். இரண்டு நாள் பொறுத்தால் சரியான கணக்கு எண் வந்துவிடும். பர்ரோவின் பெயரில் லீட்ஸில் அமையவிருந்த மோட்டார் நியூரான் நோய் மையத்துக்கான வேலை, அவர் இறந்த மறுநாளே, ஏற்கெனவே குறித்த தேதியில், குடும்பத்தின் விருப்பப்படி தொடங்கியது. நன்கொடைப் பக்கம் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.