பிலிப்பைன்ஸ் பிறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்துவது எப்படி: முதன்முறை மனுச் செய்வோருக்கு

பிலிப்பைன்ஸில் ஒருவரின் பெயர் என்ன என்பதற்குக் கடைசிச் சாட்சி அவருடைய பிறப்புச் சான்றிதழ்தான். பாஸ்போர்ட், திருமணம், ஓய்வூதியம், பரம்பரைச் சொத்து என்று எதற்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பிறந்த அன்று யாரோ ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டச்சுச் செய்திருந்தால், முப்பது ஆண்டுகள் வேறு எழுத்தோடு வாழ்ந்தவர்கூட அந்தத் தவறான எழுத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

2001 வரை இதற்கு ஒரே வழி நீதிமன்றம். குடிமைச் சட்டத்தின் 376, 412 ஆகிய பிரிவுகள் நீதிமன்ற ஆணை இல்லாமல் பெயரையும் பதிவேட்டையும் தொடக்கூடாது என்றன. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத மீனவரும் வீட்டு வேலை செய்பவரும் பிழையோடே காலம் தள்ளினார்கள். 2001 மார்ச்சில் வந்த குடியரசுச் சட்டம் 9048 அந்தச் சுமையைப் பெருமளவு இறக்கிவைத்தது. எழுத்துப்பிழையைத் திருத்தவும் முதற்பெயரை மாற்றவும் ஊரிலுள்ள குடிமைப் பதிவாளருக்கே அது அதிகாரம் கொடுத்தது. எளிய மக்களுக்காக அந்த நாடு செய்த நல்ல காரியங்களில் ஒன்றாக நான் இதை மதிக்கிறேன். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிலிப்பினோக்களோடு பணிபுரியும் தமிழர்களும் அவர்களை மணந்துகொண்ட தமிழர்களும் இந்தச் சிக்கலை அருகிலிருந்து பார்ப்பவர்கள். அவர்களை மனத்தில் வைத்து, ஒன்றும் தெரியாத நிலையிலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: இரண்டு பிரதிகளையும் கையில் வாங்குங்கள்

பலர் தவறவிடும் படி இது. ஒரு பிறப்புப் பதிவுக்கு இரண்டு இருப்பிடங்கள் உண்டு. ஒன்று, பிறந்த நகரம் அல்லது பேரூரின் குடிமைப் பதிவாளர் அலுவலகம். மற்றது, எல்லோரும் பி.எஸ்.ஏ. என்று அழைக்கும் பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையம். ஊரில் பதிவாகும் சான்றிதழின் ஒரு பிரதி அங்கே போய்ச் சேரும். பாதுகாப்புத் தாளில் அச்சிட்டு நமக்குத் தரப்படுவது அந்தப் பிரதியின் நகல்.

இரண்டையும் வாங்கி ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். ஊர்ப் பிரதி சரியாக இருந்து, பி.எஸ்.ஏ. பிரதி மட்டும் மங்கியோ தவறாகவோ இருந்தால் மனுவே தேவைப்படாமல் போகலாம். ஊர்ப் பதிவாளர் தம்மிடமுள்ள தெளிவான பிரதியைச் சான்றளித்து பி.எஸ்.ஏ.வுக்கு அனுப்பிவைப்பார். இதை அறியாமல் நேரே மனு எழுதப் போகிறவர்கள் பணத்தையும் மாதங்களையும் வீணாக்குகிறார்கள்.

ஒப்பிடும்போது கண்ணில் படாமல் நழுவும் இடங்கள் சில. மரியா என்பதை முதல் இரண்டு எழுத்தும் ஒரு புள்ளியுமாகச் சுருக்கி எழுதும் வழக்கம் அங்கே உண்டு. சான்றிதழில் சுருக்கமும் பள்ளிப் பதிவேட்டில் முழுப்பெயருமாக இருக்கும். 'டெலா குரூஸ்' ஓரிடத்தில் இரண்டு சொல், இன்னோரிடத்தில் மூன்று சொல். தலைமேல் நெளிகோடுள்ள ஸ்பானிய 'என்யே' எழுத்து, கோடில்லாத வெறும் 'என்' ஆகியிருக்கும். ஸ்பானியக் குடும்பப்பெயர்கள் நாடெங்கும் பரவியதற்கு, 1849இல் ஆளுநர் நார்சிசோ கிளாவெரியா பிறப்பித்த ஆணை பெரிய காரணம். பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து குடும்பங்களுக்குப் பெயர் வழங்கச் செய்தார். அந்தப் பெயர்களில் வரும் ஓர் இடைவெளிக்காகவும் ஒரு நெளிகோட்டுக்காகவும் மக்கள் இன்றும் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள்.

படி 2: உங்கள் பிழை எந்த வாசலுக்கு உரியது என்று முடிவு செய்யுங்கள்

இதைத் தப்பாகக் கணித்தால் பின்னால் எல்லாமே தவறாகிப்போகும்.

முதலாவது, எழுத்துப்பிழை. எழுதும்போதோ படியெடுக்கும்போதோ தட்டச்சின்போதோ நேர்ந்ததாக, பார்த்தவுடன் பிழை என்று புலப்படுவதாக, வேறு ஆவணங்களைக் கொண்டே சரிசெய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். கிறிஸ்டினா 'சி'யில் தொடங்க வேண்டிய இடத்தில் 'கே'யில் தொடங்கியிருப்பது இந்த வகை. தாயின் குடும்பப்பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருப்பதும் இதே வகைதான்.

இரண்டாவது, முதற்பெயரையே மாற்றுவது. 'எனக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை' என்பது காரணமாகாது. சட்டம் ஏற்கும் காரணங்கள் மூன்று. பெயர் நகைப்புக்கோ அவமதிப்புக்கோ இடம் தருவதாக, அல்லது எழுதவும் உச்சரிக்கவும் மிகக் கடினமாக இருக்க வேண்டும். அல்லது, வேறொரு பெயரை நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தி, ஊரார் உங்களை அந்தப் பெயரால் அறிந்திருக்க வேண்டும். அல்லது, மாற்றுவதால் குழப்பம் நீங்க வேண்டும். பலருக்குக் கைகொடுப்பது இரண்டாவது காரணம். வீட்டில் அழைத்த பெயரே பள்ளியிலும் பதிந்து, வேலையிலும் தொடர்ந்து, சான்றிதழில் மட்டும் வேறு பெயர் நிற்கும் நிலை அங்கே சாதாரணம்.

மூன்றாவது, பிறந்த நாள், மாதம், பாலினம் ஆகியவற்றில் உள்ள எழுத்துப்பிழை. 2012இல் வந்த சட்டம் 10172 இவற்றையும் பதிவாளரின் அதிகாரத்துக்குள் கொண்டுவந்தது. பிறந்த ஆண்டு இதில் சேராது. ஆண்டு மாறினால் வயது மாறும். வயது, நாட்டுரிமை, குடும்ப நிலை ஆகியவற்றைத் தொடும் திருத்தம் எதுவும் பதிவாளர் கையில் இல்லை.

நான்காவது, பெயர் எழுதவேண்டிய கட்டம் காலியாகவே இருப்பது. திருத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை என்பதால், விடுபட்டதைத் துணை அறிக்கை மூலம் நிரப்பலாம்.

மற்றவையெல்லாம் நீதிமன்றம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

படி 3: யார், எங்கே மனுச் செய்வது

ஆவணத்துக்கு உரியவர், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பாதுகாவலர், முறையாக அதிகாரம் பெற்றவர் ஆகியோர் மனுச் செய்யலாம். பாலினப் பதிவைத் திருத்த மட்டும் உரியவர் நேரில் வர வேண்டும். அரசு மருத்துவர் ஒருவரின் சான்றும் தேவை.

மனுவைத் தர வேண்டியது பதிவு இருக்கும் ஊரின் குடிமைப் பதிவாளரிடம். மின்டனாவோவில் பிறந்து மணிலாவில் வாழ்பவர் அதற்காகக் கப்பலேற வேண்டியதில்லை. தாம் இப்போது வசிக்கும் ஊரின் பதிவாளரிடமே கொடுக்கலாம். இரண்டு அலுவலகங்களும் தமக்குள் தொடர்புகொண்டு வேலையை முடிக்கும். வெளிநாட்டில் இருப்பவர் அருகிலுள்ள பிலிப்பைன்ஸ் துணைத் தூதரகத்தில் கொடுக்கலாம். பி.எஸ்.ஏ. கிளைக்குப் போய் 'திருத்திக் கொடுங்கள்' என்று கேட்பதில் பயனில்லை.

படி 4: ஆவணங்களைத் திரட்டுங்கள்

மனு என்பது உறுதிமொழியோடு கையெழுத்திடும் பிரமாணப் பத்திரம். எந்தப் பதிவில் என்ன தவறு, அது எப்படி மாற வேண்டும், ஏன் என்று தெளிவாக இருக்க வேண்டும். மூன்று பிரதிகள் தேவை: பதிவாளருக்கு ஒன்று, பி.எஸ்.ஏ.வின் தலைவரான தலைமைக் குடிமைப் பதிவாளருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. பொய் சொன்னால் சட்டம் மென்மையாக இராது. 6 முதல் 12 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 முதல் 1,00,000 பெசோ வரை அபராதம், அல்லது இரண்டும்.

மனுவோடு, திருத்த வேண்டிய பதிவின் சான்றளிக்கப்பட்ட பிரதியும், சரியான பெயரைக் காட்டும் குறைந்தது இரண்டு ஆவணங்களும் வைக்க வேண்டும். இரண்டு என்பது கீழ்வரம்பு மட்டுமே. முடிந்தால் நான்கைந்து திரட்டுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழ், படிவம் 137 எனப்படும் பள்ளிப் பதிவேடு, வாக்காளர் பதிவு, சமூகப் பாதுகாப்பு நிதியான எஸ்.எஸ்.எஸ். பதிவு, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் உதவும். பழைய ஆவணத்துக்கு எடை அதிகம். குழந்தைப் பருவத்து ஞானஸ்நானச் சான்றிதழோடு, போன மாதம் வாங்கிய அடையாள அட்டை போட்டியிட முடியாது.

முதற்பெயரை மாற்றுவோருக்குக் கூடுதலாகச் சில உண்டு. குற்றப் பின்னணி இல்லை, நிலுவையில் வழக்கு இல்லை என்று என்.பி.ஐ. எனும் தேசியப் புலனாய்வுப் பணியகமும் காவல்துறையும் தரும் சான்றுகளும், வேலை கொடுத்தவரின் சான்றும் கேட்பார்கள். பெயரை மாற்றிக்கொண்டு கடனிலிருந்தோ வழக்கிலிருந்தோ தப்பிக்க முயல்பவரைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

படி 5: கட்டணமும் பொது அறிவிப்பும்

எழுத்துப்பிழைக்கு 1,000 பெசோ. முதற்பெயர் மாற்றத்துக்கு 3,000. நாள், மாதம், பாலினத் திருத்தத்துக்கும் 3,000. வேறு ஊரிலிருந்து மனுச் செய்தால் சிறு கூடுதல் கட்டணம் உண்டு. துணைத் தூதரகத்தில் எழுத்துப்பிழைக்கு 50 அமெரிக்க டாலர், முதற்பெயருக்கு 150 டாலர். வறியவருக்குக் கட்டண விலக்கு இருக்கிறது. தகுதியுள்ளவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். அது சட்டம் தந்த உரிமை.

மனு சரியாக இருக்கிறது என்று கண்டதும் பதிவாளர் அதைத் தம் அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வையில் படும்படி 10 நாள் தொடர்ந்து ஒட்டிவைப்பார். முதற்பெயர் மாற்றமோ நாள், மாதம், பாலினத் திருத்தமோ ஆனால் அதோடு பரவலாக விற்கும் செய்தித்தாள் ஒன்றில் வாரம் ஒருமுறையாக, தொடர்ந்து இரண்டு வாரம் அறிவிப்பு வர வேண்டும். இந்தச் செலவு உங்களுடையது, அரசுக் கட்டணத்தில் அடங்காது. ஒரே நாளிதழின் விலையைக் கேட்டு ஒப்புக்கொண்டுவிடாதீர்கள், இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். வெளியான பக்கத்தையும் பதிப்பாளரின் பிரமாணப் பத்திரத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

அலுவலக வாசலில் 'எல்லாவற்றையும் நானே முடித்துத் தருகிறேன்' என்று வருபவர்களை அங்கே ஃபிக்ஸர் என்பார்கள். 2018இல் வந்த சட்டம் 11032 அந்தத் தொழிலையே குற்றமாக்கியிருக்கிறது. அவர்கள் கொண்டுவரும் 'திருத்திய' சான்றிதழ் போலியாக இருந்தால், நாளை விசாரணையில் நிற்பது நீங்கள்தான். இடைத்தரகர் இல்லாமல் ஒரு சாதாரண மனிதரே செய்துகொள்வதற்காகத்தான் இந்த நடைமுறை உருவாக்கப்பட்டது.

படி 6: முடிவு

ஒட்டுதலும் அறிவிப்பும் முடிந்த 5 வேலை நாளுக்குள் பதிவாளர் முடிவு சொல்ல வேண்டும். அடுத்த 5 வேலை நாளுக்குள் கோப்பு தலைமைக் குடிமைப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே கோப்பு கிடைத்ததிலிருந்து 10 வேலை நாளுக்குள், இது எழுத்துப்பிழை அன்று, அல்லது காரணம் சட்டத்தில் இல்லை என்று ஆட்சேபிக்கலாம். இவை சட்டம் சொல்லும் நாள்கள். தபாலும் கோப்பு வரிசையும் சேர்ந்தால் மாதங்கள் ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். விமான டிக்கெட் எடுத்துவிட்டு மனுப் போடாதீர்கள்.

மறுத்தால் மறுபரிசீலனை கேட்கலாம், நீதிமன்றமும் போகலாம். இந்தச் சலுகையை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே புதிய பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் மனுவில் பலமுறை சரிபாருங்கள்.

நீதிமன்றம் போக வேண்டியவர்கள்

குடும்பப்பெயரையே மாற்றுவது, பிறந்த ஆண்டைத் திருத்துவது, பெற்றோர் யார் என்ற பதிவைத் தொடுவது ஆகியவை வட்டார விசாரணை நீதிமன்றத்தின் வேலை. பெயர் மாற்றத்துக்கு நீதிமன்ற விதி 103. மனுதாரர் குறைந்தது 3 ஆண்டுகள் வசித்த மாகாணத்தில் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். பதிவேட்டுத் திருத்தத்துக்கு விதி 108. பதிவேடு இருக்கும் இடத்து நீதிமன்றத்தில், பதிவாளரையும் பாதிக்கப்படக்கூடிய எல்லோரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டிலும் 3 வாரம் செய்தித்தாள் அறிவிப்பு உண்டு. வழக்கறிஞர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

நடுப்பெயரை வேண்டாம் என்று நீக்குவதும் இலகுவன்று. அங்கே நடுப்பெயர் என்பது தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர். வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு அது வசதிக்குறைவு என்று சொல்லி நீக்கக் கேட்ட ஒரு மனுவை உச்ச நீதிமன்றம் 2005இல் ஏற்கவில்லை. பாலினம் தொடர்பான வழக்குகளிலும் வழி குறுகலானது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் முதற்பெயரையும் பாலினத்தையும் மாற்றக் கேட்டதை அதே நீதிமன்றம் 2007இல் மறுத்தது. பிறவியிலேயே இருபால் கூறுகள் கொண்டவர் கேட்டதை 2008இல் ஏற்றது. 2007இன் தீர்ப்பு அந்த மனிதருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைக்காமல் என்னால் அதைப் படிக்க முடியவில்லை.

குடும்பப்பெயர் விஷயத்தில் நீதிமன்றம் தேவைப்படாத ஒரு வழியும் உண்டு. மணமாகாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை, தந்தை முறைப்படி ஏற்றுக்கொண்டிருந்தால், 2004இல் வந்த சட்டம் 9255 வழியாக அவருடைய குடும்பப்பெயரைப் பயன்படுத்தலாம். அதற்கான பிரமாணப் பத்திரத்தைப் பதிவாளரிடம் கொடுத்தால் போதும். ஆறு வயது வரை தாய் எழுதித் தருவார். ஏழு முதல் பதினேழு வரை தாயின் சான்றோடு பிள்ளையே எழுதித் தர வேண்டும். இது பிள்ளையின் விருப்பம், தந்தை வற்புறுத்த முடியாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

மணமான பெண்களுக்கு ஒரு வார்த்தை. கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்வது உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை. சேர்த்துக்கொண்டாலும் பிறப்புச் சான்றிதழ் மாறாது. அதற்காக மனு எதுவும் வேண்டாம்.

படி 7: திருத்தம் வந்த பிறகு

புதிய சான்றிதழில் பழைய பிழை மறைந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய பதிவு அப்படியே இருக்கும். ஓரத்தில் 'இது இவ்வாறு திருத்தப்பட்டது' என்ற குறிப்பு ஏறும். குறிப்பேறிய அந்தப் பிரதிதான் இனி செல்லும். அதை பி.எஸ்.ஏ.விடமிருந்து இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள். பதிவாளர் தரும் இறுதிச் சான்றையும் உடன் வையுங்கள்.

அதைக் கொண்டு முதலில் பாஸ்போர்ட், பிறகு எஸ்.எஸ்.எஸ்., தேசிய அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், வங்கி என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். 'இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை' என்ற பிரமாணப் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பலர் சமாளிக்கிறார்கள். ஓர் அலுவலகம் அதை ஏற்கும், அடுத்தது திருப்பியனுப்பும். பதிவேட்டில் அது எதையும் மாற்றுவதில்லை.

உங்கள் பெயர் உங்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழிலும் உங்கள் திருமணச் சான்றிதழிலும் பிழையாக ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். உங்கள் பிறப்புப் பதிவு திருந்தியதால் அவை தாமாகத் திருந்தாது. ஒவ்வொன்றுக்கும் தனி மனு வேண்டும். குறிப்பேறிய உங்கள் சான்றிதழ் அங்கே உங்களுக்கு வலுவான ஆதாரமாக இருக்கும்.