கைத்திறனைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை இடமறிந்து பயன்படுத்துவது எப்படி?

ஸ்கில், டெக்ஸ்டெரிட்டி, அட்ராய்ட், டெஃப்ட் என எதை அகராதியில் தேடினாலும் 'திறமை' என்றே பொருள் போட்டிருப்பதால், நேர்முகத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் எதை எங்கே சொல்வதென்று தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு சொல்லையும் அதன் வேரோடும், நம் குமரி மாவட்டத்துக் கைவேலை ஒன்றோடும் சேர்த்துப் படித்தால் மறக்காது.

முதலில் ஸ்கில். பழைய நோர்ஸ் மொழியில் இதன் மூலச்சொல்லுக்குப் பகுத்தறிதல் என்று பொருள். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால்வெட்டுகிறவரைப் பாருங்கள். பட்டையை மேலோட்டமாகச் சீவினால் பால் போதிய அளவு வடியாது. கத்தி சற்று ஆழமாக இறங்கித் தடியில் பட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பட்டை எங்கே முடிகிறது, தடி எங்கே தொடங்குகிறது என்பதை அந்தக் கை பிரித்தறிகிறது. பழகிப் பழகி வந்த தேர்ச்சி எதுவானாலும், அது கணக்கே ஆனாலும், ஸ்கில் என்று எழுதலாம்.

டெக்ஸ்டெரிட்டி அவ்வளவு விரிந்ததன்று. வலப்பக்கத்தைக் குறிக்கும் 'டெக்ஸ்டர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த இது, பெரும்பாலும் விரல்களின் லாவகத்தையே சொல்லும். தோவாளையில் அரளிப்பூவை மடித்து மாணிக்கமாலை கட்டும் விரல்களுக்கு இதுவே ஏற்ற சொல். இரு கையும் பழகியவரைக் குறிக்கும் ஆம்பிடெக்ஸ்ட்ரஸ் என்ற சொல்லின் நேர்ப்பொருள் 'இரண்டும் வலக்கை' என்பதாகும். லத்தீனில் இடப்பக்கத்தைக் குறித்த சினிஸ்டர் இன்று ஆங்கிலத்தில் தீமையைக் குறிக்கிறது. நாமும் பீச்சாங்கை என்று இகழ்கிறோம், இடக்கைப் பிள்ளைகளுக்கு இரு மொழியும் இழைத்தது அநீதிதான்.

'முறைப்படி' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்த அட்ராய்ட், சிக்கலான பேச்சையோ சூழலையோ சாமர்த்தியமாகக் கையாள்பவருக்குப் பொருந்தும். விரைவும் மென்மையும் சேர்ந்த கையசைவுக்கு டெஃப்ட் போதும்.

கிராஃப்ட் என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வலிமை என்று பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் அப்படித்தான். ஆனால் பழந்தமிழில் ஆலோசனையைக் குறித்த 'சூழ்ச்சி' பின்னாளில் வஞ்சகமானதுபோல, அதிலிருந்து பிறந்த கிராஃப்டியும் தந்திரக்காரனைக் குறிப்பதாயிற்று. வடசேரியில் கோயில் நகை செய்கிறவரைக் கிராஃப்ட்ஸ்மேன் என்று எழுதினால் அது பாராட்டு. கிராஃப்டி என்று எழுதினால் வசை.