இறைச்சிக்கூட மிச்சத்திலிருந்து புரதம் எடுப்பது எப்படி: ரத்தம், இறகு, எலும்பு, குடல்

முதலில் இயந்திரம் வாங்காதீர்கள். தனித்தனி டிரம் வாங்குங்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், மூடியோடு. இந்தத் தொழிலுக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் குக்கரும் டிரையரும் என்ன விலை என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள், ஆனால் பொருளின் தரம் அறுக்கும் இடத்திலேயே, முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முடிவாகிவிடுகிறது. ஒரு மாட்டின் உயிர் எடையில் கிட்டத்தட்டப் பாதி இறைச்சியாக விற்பனைக்குப் போவதில்லை. அந்தப் பாதிக்குள் ரத்தம், எலும்பு, தோல், குடல், கொழுப்பு எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இருக்கும் புரதம் வேறு, அதற்குக் கொடுக்க வேண்டிய சூடும் வேறு. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? இறகு வேகும் சூட்டில் ரத்தம் கருகிவிடும், ரத்தத்துக்குப் போதுமான சூட்டில் இறகு அசைந்துகூடக் கொடுக்காது, குடலுக்குள் இருக்கும் சாணமோ எதோடு கலந்தாலும் அந்தப் பொருள் மனிதர் உண்ணும் தரத்தை அந்த நிமிடமே இழந்துவிடும்.

அடுத்தது நேரம். குடலும் ஈரலும் தங்கள் சொந்த நொதிகளாலேயே கரையத் தொடங்கும், மேலே பாக்டீரியா வேறு பெருகும். "எப்படியும் வேகவைக்கத்தானே போகிறோம்" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேகவைத்தால் பாக்டீரியா சாகும், சரி. அது ஏற்கெனவே உண்டாக்கி வைத்த கடாவெரின், புட்ரெசின் போன்ற அமீன்கள் என்ற அழுகல் பொருட்கள் சூட்டுக்கு அழியாமல் தூளோடு தூளாக மூட்டைக்குள் போய்ச் சேரும். உடனே பதப்படுத்த முடியாது என்றால் 4 டிகிரிக்குக் குளிரவையுங்கள். அதற்கும் வசதி இல்லையென்றால் ஒரு நாளில் பதப்படுத்த முடிகிற அளவுக்கு மட்டும் எடுங்கள்.

ரத்தத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் வீணாவதும் அதிகம் கெடுதல் செய்வதும் அதுதான். ரத்தத்தில் சுமார் 80 சதவீதம் நீர், 17, 18 சதவீதம் புரதம். 100 கிலோ ரத்தத்தைச் சாக்கடையில் விட்டால் 17 கிலோவுக்கு மேல் புரதத்தை ஊற்றிவிட்டீர்கள் என்று கணக்கு. அதோடு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சுமையும் தலைமேல் ஏறும், ஏனென்றால் வீட்டுச் சாக்கடை நீரைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு ஆக்சிஜனை அது உறிஞ்சும்.

மனிதர் உண்ணும் பொருளாகவோ உயர்தரத் தீவனமாகவோ ஆக்க வேண்டுமானால் ரத்தம் தரையைத் தொடவே கூடாது. குழாய் பொருத்திய கத்தியால், காற்றை உறிஞ்சும் விசையோடு, நேராக மூடிய கலத்துக்குள் இழுக்க வேண்டும். கலத்தில் சோடியம் சிட்ரேட் கரைசலை முன்னாலேயே ஊற்றி வைத்திருங்கள், லிட்டருக்கு 3, 4 கிராம் போதும். ரத்தம் வந்தபிறகு ஊற்றலாம் என்று நினைத்தால் அதற்குள் உறையத் தொடங்கியிருக்கும். ஒவ்வொரு விலங்கின் ரத்தத்தையும் உடல்பரிசோதனை முடிவு வரும்வரை அடையாளம் போட்டுத் தனியாக வைத்திருப்பது அவசியம், ஒரே ஒரு நோயுற்ற விலங்கு மொத்தத் தொட்டியையும் கெடுத்துவிடும்.

குளிர்ந்த ரத்தத்தைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மாவும் அடியில் சிவப்பணுக்களும் பிரியும். பிளாஸ்மா அளவில் பாதிக்கு மேல் இருந்தாலும் அதில் 7 சதவீதம் அளவுதான் புரதம். மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு செல்பகுதியில், ஹீமோகுளோபினாக இருக்கிறது. ஆனால் மதிப்பு பிளாஸ்மாவுக்குத்தான்: நிறம் கிடையாது, சூடேற்றினால் முட்டை வெண்கரு போல இறுகும், நீரைப் பிடித்துவைக்கும், அதனால் இறைச்சிப் பொருட்களில் பிணைப்பானாகச் சேர்க்கிறார்கள். ஸ்பிரே டிரையரில் உள்ளே போகும் காற்று 180, 200 டிகிரி இருந்தாலும், நீர் ஆவியாகும்போதே சூட்டைக் கொண்டுபோய்விடுவதால் துளி அவ்வளவு சூடாவதில்லை. வெளியேறும் காற்றை 80 டிகிரி சுமாருக்கு வைத்துக்கொண்டால் இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தின் பெரும்பகுதி தப்பிக்கிறது, பால்மறந்த பன்றிக்குட்டிகளின் தீவனத்தில் பிளாஸ்மா தூளுக்கு இடம் கிடைத்ததற்கு அது முக்கியக் காரணம்.

இவ்வளவு வசதி இல்லையா? அப்போது ரத்தத் தூள் செய்யுங்கள். நீராவி விட்டு 90 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் ரத்தம் திரியும், நீரைப் பிழிந்துவிட்டு மிச்சத்தை உலர்த்தினால் 80 முதல் 90 சதவீதம் புரதம் உள்ள தூள் கிடைக்கும். இங்கே கெடுவது லைசின், புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று. நேரடிச் சூட்டில் கொப்பரையில் மணிக்கணக்காகக் கிண்டி உலர்த்திய தூளும், சூடான காற்றில் சில நொடிகளில் உலர்ந்த தூளும் புரத சதவீதத்தில் ஒன்றாகவே தெரியும். செரிமானத்தில் இரண்டும் வெவ்வேறு பொருட்கள்.

இறகு இதற்கு நேர் எதிர். அதில் உலர் எடையில் 85 முதல் 90 சதவீதம் புரதம், அத்தனையும் கெரட்டின், சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தின் கந்தகப் பிணைப்புகளால் இறுக்கிக் கட்டிய புரதம். அரைத்து மட்டும் கொடுத்தால் விலங்கின் வயிற்றில் நுழைந்தபடியே வெளியே வரும். அந்தப் பிணைப்பை உடைக்க அழுத்தம் வேண்டும்: பறித்த இறகின் நீரை நன்றாகப் பிழிந்துவிட்டு, கிண்டும் வசதியுள்ள மூடிய குக்கரில் 3 பார் சுமார் அழுத்தத்தில், 140 டிகிரியை ஒட்டி, அரை மணி நேரம். அதிலிருந்து உங்கள் குக்கருக்கு ஏற்ற நேரத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். நான் ஆரம்பத்தில் கடிகாரத்தை மட்டும் நம்பினேன், நீர் சரியாகப் பிழியாத ஒரு லோடில் நடுப்பகுதி சூடே ஏறாமல் இறகின் தண்டு தண்டாக வெளியே வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி எடுத்து நசுக்கிப் பார்ப்பேன். இறகின் உருவம் மறைந்து, விரலில் பொடிந்தால் சரி. பசையாகி, கருத்து, கருகல் வாடை வந்தால் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், சிஸ்டினில் ஒரு பகுதி லாந்தியோனின் என்ற வேறு அமினோ அமிலமாக மாறிவிட்டிருக்கும், அதை உடம்பு சரியாகப் பயன்படுத்தாது.

புரதத்தை அளக்கும் வழக்கமான சோதனை நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குவது. வேகாத இறகுக்கும் அது அழகான எண்ணைத்தான் காட்டும். அதனால் பெப்சின் என்ற வயிற்று நொதியை வைத்துச் செய்யும் செரிமானச் சோதனை இல்லாமல் இறகுத் தூளை விற்காதீர்கள், வாங்கவும் வாங்காதீர்கள். புரதத்தில் 75 சதவீதமாவது பெப்சினில் கரைய வேண்டும் என்பது பரவலாக எடுத்துக்கொள்ளும் கீழ்வரம்பு. அழுத்தக் குக்கருக்குப் பாதுகாப்பு வால்வும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாமல் ஒரு லோடுகூட ஏற்றாதீர்கள், அது வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் பிழைக்கமாட்டார்.

அமினோ அமிலங்களை எடுத்துக்கொண்டால், ரத்தத் தூளில் லைசினும் ஹிஸ்டிடினும் ஏராளம், ஐசோலூசின் மிகக் குறைவு. இறகுத் தூளில் ஐசோலூசின் இருக்கிறது, லைசினும் ஹிஸ்டிடினும் போதாது. ஒன்றின் குறையை மற்றது நிரப்பும், ஆனால் தனித்தனியாக வேகவைத்து உலர்த்தியபிறகு கலந்தால்தான். மெத்தியோனின் இரண்டிலுமே குறைவு, அதை வெளியிலிருந்து சேர்க்க வேண்டும்.

எலும்பும் தோலும் ஜெலட்டினுக்கு. எலும்பை உடைத்து, கொழுப்பைச் சூடான நீரில் நீக்கி, 4, 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நாள் ஊறவைத்தால் தாதுக்கள் கரைந்து மெத்தென்ற ஒசீன், அதாவது எலும்பின் புரதப் பகுதி மிஞ்சும். கரைந்த தாதுவை வீணாக்க வேண்டாம், சுண்ணாம்பு சேர்த்தால் டைகால்சியம் பாஸ்பேட்டாகப் படியும். ஒசீனையும் மாட்டுத் தோலையும் வாரக்கணக்கில் சுண்ணாம்பு நீரில் ஊறவைக்கிறார்கள், பன்றித் தோலுக்கு ஒரு நாள் அமில ஊறலே போதும். பிறகு 50, 60 டிகிரி நீரில் முதல் சாறு, அடுத்தடுத்து சூட்டை ஏற்றி மற்றவை. முதல் சாறுதான் கெட்டியாக உறையும், அதைக் கடைசிச் சாற்றோடு கலந்துவிடாதீர்கள். ஜெலட்டினில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் அறவே இல்லை, அதனால் தனியாக அதை நிறைவான புரதம் என்று யாருக்கும் சொல்லி விற்கக்கூடாது. புரதச் சோதனையில் நைட்ரஜனைப் பெருக்கும் எண்ணும் இதற்கு 6.25 அல்ல, 5.55. குரோமியத்தில் பதனிட்ட தோல் துண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

ஈரல், நுரையீரல், கழுவிய குடல், இறைச்சித் துணுக்குகளுக்கு நொதி வழி நல்லது. அரைத்து, சம அளவு நீர் சேர்த்து, 55 டிகிரிக்கு அருகில் அல்கலேஸ் போன்ற புரோட்டியேஸை (புரதத்தை வெட்டும் நொதியை), புரத எடையில் 1 சதவீதம் என்று தொடங்கி, இரண்டு மூன்று மணி நேரம் கிண்டுங்கள். பிறகு 85, 90 டிகிரியில் கால் மணி நேரம் வைத்து நொதியை நிறுத்த வேண்டும். மேலே கொழுப்பு, நடுவில் பெப்டைடுகள் (புரதத்தின் சிறு துண்டுகள்) கரைந்த நீர், அடியில் வண்டல் என்று பிரியும். நேரத்தை நீட்டினால் கசப்பு ஏறும், நீரை விரும்பாத சிறு பெப்டைடுகள்தான் அந்தக் கசப்பு. கோழி ஈரலிலிருந்து வரும் இந்தச் சாறு செல்லப்பிராணித் தீவனத்தில் சுவையூட்டியாகப் போகிறது.

யாருக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதில் விளையாட்டே கூடாது. 1986இல் பிரிட்டனில் மாட்டு மூளைநோய் கண்டறியப்பட்டது, மாட்டின் மிச்சத்திலிருந்து செய்த இறைச்சி எலும்புத் தூளை மாட்டுக்கே ஊட்டியது அதைப் பரப்பியது, 1996இல் மனிதருக்கும் அது தொற்றியிருக்கக்கூடும் என்று அறிவித்தார்கள். ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டருக்குள் நொறுக்கி, 133 டிகிரி, 3 பார், 20 நிமிடம் என்ற விதி இருந்தாலும் அந்த நோயை உண்டாக்கும் பிரியான் என்ற புரதத்தை அது முழுதாக அழிக்கும் என்று நம்ப முடியாது. மூளை, தண்டுவடம் இரண்டையும் அறுக்கும் இடத்திலேயே பிரித்து அழித்துவிடுங்கள், அசைபோடும் விலங்குகளின் புரதத்தை அசைபோடும் விலங்குகளுக்கே திருப்பிக் கொடுக்காதீர்கள், உங்கள் நாட்டின் தீவனச் சட்டத்தை இயந்திரம் வாங்குமுன் படித்துவிடுங்கள்.

அப்புறம் சால்மோனெல்லா. குக்கருக்குள் அது செத்துவிடும், திரும்ப ஒட்டிக்கொள்வது வெளியே வந்தபிறகுதான், பச்சைப் பொருள் தொட்ட மண்வெட்டி, காலணி, பறக்கும் தூசி வழியாக. பச்சைப் பக்கமும் சுத்தப் பக்கமும் நடுவில் சுவரோடு இருக்கட்டும், ஆளும் கருவியும் இரண்டுக்கும் வேறு வேறாக இருக்கட்டும். தூளின் ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும், கொழுப்புள்ள தூளில் டோகோஃபெரால் போன்ற ஆக்சிஜன் தடுப்பானை உலர்த்திய உடனே சேர்த்தால் காறல் தள்ளிப்போகும். தூள் ஆறுவதற்குள் மூட்டை வாயைத் தைக்காதீர்கள்: எழும் ஆவி பையின் உட்புறத்தில் நீராகக் குளிர்ந்து மேலே உள்ள விரற்கடைத் தூளை நனைத்துவிடும், கிருமிக்கு அந்த ஈரம் போதும்.